மூன்று பேருக்கு ஒரு கரடிப் பேணி

1

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கனடாவில் நல்ல வீட்டில், நல்ல கட்டிலில் படுப்பவர்கள் வருடத்தில் சில நாள் காசு கட்டி, அனுமதி எடுத்து, மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய் நிலத்தில் படுத்துவிட்டு வருவார்கள். அதற்கு விடுமுறை என்று பெயர்.

நானும் அப்படிப் போகப்போகிறேன் என்று லீனஸ் அண்ணையிடம் சொன்னபோது அவர் காரை ஓட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். லீனஸ் அண்ணை மன்னார்க்காரர். மல்வேர்னில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். இருவருக்கும் ஒரே வெயர்ஹவுஸில் வேலை, ஒரே ஷிஃப்ட், ஒரே கார்.

"உமக்கென்ன விசரே? அங்கை காட்டுக்கை கிடந்தது காணாதெண்டே இஞ்சையும் போய்க் கிடக்கப் போறீர்?"

"எனக்கில்லை அண்ணை. மகளின்ரை யோசினை."

"கரடி நிக்குமாம்."

"அதுக்கெண்டு ஒரு பேணி விக்கிறாங்களாம்."

"கரடியைப் பிடிச்சு அடைக்கவோ?"

அவருக்கு விளங்கப்படுத்தி முடிக்க வேலைத்தலம் வந்துவிட்டது. அது சாப்பாட்டைப் போட்டு மூடி வைக்கிற பேணி. கரடி உருட்டினாலும் கடித்தாலும் மேலே ஏறி நின்று மிதித்தாலும் திறக்காது. மனிதர் மட்டும் திறக்கலாம். வீட்டில் அதற்குக் கரடிப் பேணி என்று பெயர் வைத்தவள் என் மனைவி யோகா. பால்மாப் பேணி, மீன்பேணி என்று பேணிகளோடு புழங்கியவளுக்கு அந்தப் பெயர் யோசிக்காமலே வந்தது.

2

ஏன் போனோம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

மே மாதத்தில் இங்கே ஒரு நீண்ட வாரவிடுமுறை வரும். விக்ரோறியா ராணியின் பெயரில் வருகிற திங்கட்கிழமை அது. பொழுதுபட்டதும் பூங்காக்களிலும் வீட்டு முற்றங்களிலும் வாணம் விடுவார்கள். யுத்தம் முடிந்த ஆண்டில், எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தியும் இந்த விடுமுறையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அதற்கு முந்திய வாரங்களில் நாங்கள் ஆயிரக்கணக்கானவர்கள் ரொறன்ரோ நகரத் தெருக்களில் நின்று கத்தித் தொண்டை அடைத்துப் போயிருந்தோம். அன்று பின்னேரம் நான் ஒரு வீட்டின் பேஸ்மென்ற் அறையில் ரெலிபோனைப் பிடித்தபடி இருந்தேன். யோகாவும் மகள் ஆரணியும் அங்கே, சண்டை நடந்த அந்தக் கடைசித் துண்டு நிலத்தில் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. வெளியே பிள்ளைகள் வாணம் விட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன செய்வார்கள், பாவம், அவர்களுக்கு அது விடுமுறை. நான் தலையணையை எடுத்துக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

நான் சமாதான காலத்தில் வெளிக்கிட்டு வந்தவன். அப்போது ஆரணி தவழவும் தொடங்கவில்லை. போனதும் கூப்பிட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என் அகதி வழக்கு இழுபட்டது. அதற்குள் அங்கே சண்டை திரும்பத் தொடங்கி, வெளியே வருகிற பாதையைப் பூட்டினார்கள். பாதை திறந்தபோது அவர்கள் முகாமில் இருந்தார்கள். பிறகு ஸ்பொன்சர் அலுவல் தொடங்கியது. இந்தத் திருமணம் உண்மையானதுதான் என்பதற்குப் படங்கள் வேண்டும் என்று கேட்டார்கள். படமெல்லாம் பதுங்குகுழிக்குள் போய்விட்டது என்று எழுதலாமா என்று சட்டத்தரணியிடம் கேட்டேன். அப்படியே எழுதச் சொன்னார். எழுதினோம். அதற்குப் பிறகும் காத்திருந்தோம்.

அவர்கள் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது ஆரணிக்கு ஒன்பது வயது. இரட்டைப் பின்னலோடு தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் தமிழ் வரவில்லை. நாள்கணக்காகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்த "வெல்கம் ரு கனடா" மட்டும்தான் வந்தது. பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி "தாங்க் யூ" என்றாள். அன்று தொடங்கியது, இன்றுவரை அவளுக்கும் எனக்கும் இடையில் ஆங்கிலம்தான். தாயோடு அவள் கதைப்பது எங்கள் தமிழ், அதுவும் வாய் ஓயாமல். நான் அறைக்குள் வந்தால் மொழி மாறும்.

அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி இருவரும் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டால் யோகா, "அதை ஏன் இப்ப?" என்பாள். ஆரணி தோளைக் குலுக்கி, "ஐ வோஸ் அ கிட், அப்பா. ஐ டோன்ற் றிமெம்பர்," என்பாள். ஞாபகம் இல்லையாம், சின்னப்பிள்ளையாம். சரி என்று விட்டுவிடுவேன்.

ஆனாலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். யோகா இன்றைக்கும் கேக்கோ பாணோ எதைப் பிரித்தாலும் முதலில் இரண்டாகத்தான் பிரிப்பாள். மேசையில் இரண்டு கோப்பை வைப்பாள். பிறகு ஏதோ யோசித்தவள் போல அலுமாரிக்குத் திரும்பிப் போய் மூன்றாவதை எடுத்து வருவாள். ஒரு வீட்டுக்குள் மூன்றாவது ஆளாக இருப்பது எப்படி என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

3

அந்தத் திங்கட்கிழமை வந்தால் யோகா கீழே போய்விடுவாள். உடுப்புக் காயவைக்கும் மெஷினைப் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் ஸ்ரூலில் இருப்பாள். உள்ளே உடுப்பு ஒன்றும் இராது. அந்த இரைச்சலில் வெளியே வெடிப்பது கேட்காது. ஆரணி சின்னவளாக இருந்தபோது அவளும் கூடவே போய் இருந்தாள். வளர்ந்த பிறகு காதில் எதையாவது மாட்டிக்கொண்டு மேலே தன் அறையில் இருப்பாள்.

இப்போது அவள் வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் வருகிறேன் என்பாள், பிறகு வேலை இருக்கிறது என்று மெசேஜ் வரும். அங்கே கூட்டாளிகளோடு காடு மேடெல்லாம் நடந்து பழகிவிட்டாள். இந்த வருடம் அவளாகவே அந்த யோசனையைச் சொன்னாள். வாணம் விடாத இடத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன? வடக்கே ஒரு வாவிக்கரை, காரை விட்டுவிட்டு நடந்துதான் போகவேண்டும், இரண்டு இரவு மட்டும்.

"அம்மா வருவாவெண்டு நினைக்கிறியே?" என்று நான் தமிழில் கேட்டேன்.

"ஷீ ஆல்றெடி செட் யெஸ்," என்றாள்.

தாயும் மகளும் கதைத்து முடிவெடுத்து, அனுமதியும் எடுத்தாயிற்று. எனக்கு அறிவிப்பு மட்டும்தான். பெயர்ப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "ஒஃப் கோர்ஸ், அப்பா," என்றாள். அந்த ஒரு கணத்தை நான் இரண்டு நாள் யோசித்துக்கொண்டு திரிந்தேன்.

4

கரடிப் பேணி வாங்க நகரத்துக்குள் மலையேறுகிறவர்களின் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். தாடி வைத்த வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் எங்களைக் கவனிக்க வந்தான். எத்தனை பேர், எத்தனை இரவு என்று கேட்டான். பிறகு மூன்று வகையைக் கொண்டுவந்து வைத்தான்.

முதலாவது பேணியே அல்ல, ஒரு பை. துவக்குச் சன்னம் துளைக்காத சட்டை தைக்கும் துணியைப் போன்ற துணியாம். பாரம் இல்லை, மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடலாம். கரடி கடித்தாலும் கிழியாது என்றான். ஆரணி மொழிபெயர்த்தாள். யோகா பையைக் கையில் வாங்கிக் கசக்கிப் பார்த்தாள்.

"பை கிழியாது, சரி. உள்ளுக்கை இருக்கிறது கடியிலை மாவாய்ப் போயிடுமே. பிறகு என்னத்தைத் தின்னுறது?"

பெடியன் அதை ஒத்துக்கொண்டான். உள்ளே இருப்பது நசியும்தானாம்.

இரண்டாவது கறுப்பு நிறத்தில் உருளையாக, குண்டுக்கே அசையாது போல இருந்தது. மூடியில் இரண்டு பூட்டு. நாணயக் குற்றியை வைத்துத் திருகினால்தான் திறக்கும். யோகா சிரித்துவிட்டாள்.

"பசி வந்த நேரம் சில்லறை தேடிக்கொண்டு நிக்கிறதே? குற்றி துலைஞ்சால் பட்டினி. உதை அவனிட்டையே குடு."

மூன்றாவது கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக். உள்ளே இருப்பது வெளியே தெரியும். மூடியைத் திருகும்போது ஓரத்தில் ஒரு முட்டு வரும். அதைப் பெருவிரலால் உள்ளே அமத்தினால்தான் மேற்கொண்டு திரும்பும். கரடிக்குத் திருகவும் தெரியும், அமத்தவும் தெரியும். இரண்டையும் ஒன்றாகச் செய்யத்தான் தெரியாது என்றான் பெடியன்.

"கரடி திறவாது. நான் திறப்பனோ?" என்றாள் யோகா.

அவளுடைய வலது கையில் இரண்டு விரல் மடியாது. ஷெல் துண்டு பட்டது. அவள் பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலில் வலது கையால் முயன்றாள். முடியவில்லை. பெடியன் உதவிக்கு வந்தான். ஆரணி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். யோகா கையை மாற்றி, இடது உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அந்த முட்டை அமத்தித் திருகினாள். மூடி வந்துவிட்டது. மூடிவிட்டு மறுபடியும் திறந்தாள். பிறகு ஆரணியிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னாள். ஆரணியும் திறந்தாள்.

"இதுதான். உள்ளுக்கை எவ்வளவு மிச்சமெண்டும் தெரியும்."

என்னிடம் ஒருவரும் தரவில்லை. நானாகவே வாங்கித் திறந்து பார்த்தேன். எனக்கும் திறந்தது.

அடுத்த பிரச்சினை அளவு. முதல்நாள் சாப்பாட்டை இரவுக்கு முன்பே சாப்பிட்டுவிடுவோம், அது பேணிக்குள் வரத் தேவையில்லை, ஆகவே இரண்டு இரவுப் பயணத்துக்கு இடைத்தர அளவு போதும் என்றான் பெடியன். ஆரணிக்கும் அதுதான் சரி. சுமை குறையும். யோகா எல்லாவற்றிலும் பெரியதைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"மிஞ்சினால் மிஞ்சட்டும். போதாமல் போகப்படாது."

"அம்மா, அது பாரம்."

"தூக்கிறது கொப்பர்தானே."

கொப்பர் என்றது என்னைத்தான். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னையும் எண்ணி வாங்கிய பேணி என்று எடுத்துக்கொண்டேன்.

வெளிக்கிடும் நேரம் பெடியன் இன்னொன்றும் சொன்னான். மணக்கிற பொருள் எல்லாமே பேணிக்குள் போகவேண்டும். பற்பசை, சவர்க்காரம், தலைக்கு வைக்கிற எண்ணெய், கைக்குப் பூசுகிற தைலம், எல்லாம். யோகா வேலை செய்வது ஒரு கேற்றரிங் சமையலறையில். ரோல்ஸும் பற்றிஸும் பொரித்துப் பொரித்து அவள் குளித்தாலும் போகாத வாசம் ஒன்று இருக்கிறது.

"அப்ப என்னையும் உதுக்கை போட்டு மூடுங்கோ," என்றாள். ஆரணி கடை அதிரச் சிரித்தாள். அதை மட்டும் அவள் பெடியனுக்கு மொழிபெயர்க்கவில்லை.

5

பேணியை அடுக்கியது யோகாதான். சோறு காய்ச்ச அரிசி, பருப்பு, வறுத்த மா, மாசிச் சம்பல், தட்டைவடை, தேயிலை, சீனி. ஒவ்வொன்றையும் பொலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியே அமத்தினாள். மூலைகள் இல்லாத பேணிக்குள் இடைவெளி எங்கெங்கே வரும் என்று பார்த்துச் சின்னப் பைகளைச் செருகினாள். ஆரணி கொண்டுவந்த நூடில்ஸை உடைத்துத் தட்டையாக்கினாள். கடைசியாக மேலே ஒரு பக்கற் கிறீம் கிறாக்கர் பிஸ்கற் வந்தது. எழும்பினவுடனே கைக்கு அகப்படவேண்டுமாம். டின் சாமான் அந்தக் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் இருந்ததால் மீன்பேணி மட்டும் வீட்டில் நின்றது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கவலை.

நடை அவ்வளவு தூரம் இல்லை. ஆனால் மே மாதத்துக் கறுப்பு ஈ காதுக்குப் பின்னால் கடித்தது. பேணி என் முள்ளந்தண்டில் இடித்துக்கொண்டே வந்தது. தாயும் மகளும் முன்னால் கதைத்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய குரல் கேட்டது, கதை கேட்கவில்லை. கிட்டப் போவோம் என்று விரைவாக நடந்தால் இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

வாவிக்கரையில் கூடாரம் அடித்தோம். கூட்டாளிகளிடம் ஆரணி இரவல் வாங்கி வந்தவை இரண்டு. ஒன்று இரண்டு பேர் படுப்பது, மற்றது ஒருவர் படுப்பது. யார் எதில் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பையை நானே எடுத்துக்கொண்டு போய்ச் சின்னக் கூடாரத்துக்குள் வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஆரணி ஆசிரியை ஆகிவிட்டாள். பேணியைக் கூடாரத்துக்குக் கிட்ட வைக்கக் கூடாது. கரடி வந்தால் அங்கேயே வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும், எங்களிடம் வரக் கூடாது. தண்ணீருக்குக் கிட்டவும் கூடாது, உருட்டிவிட்டால் மிதந்து போய்விடும். எனக்கு ஆங்கிலத்திலும் தாய்க்குத் தமிழிலுமாக இதை இரண்டு தரம் சொன்னாள். கூப்பிடுதூரத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் பள்ளமாகப் பார்த்து வைத்தாள். யோகாவின் தைலமும் உள்ளே போனது.

"ஆர் காவல்?" என்று யோகா கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை அம்மா. அதுக்குத்தானே பேணி."

யோகா சரி என்றாள். திரும்பி வரும் வழியில் அந்தப் பக்கம் பார்த்துப் பார்த்து வந்தாள். இவள் நித்திரை கொள்ளமாட்டாள், பிரச்சினை வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் வாவிக்கரையில் இருந்து தண்ணீரைப் பார்த்து, "ஒரு சத்தமும் இல்லை, என்ன?" என்று மட்டும் சொன்னாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். ஓம் என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் ஆரணி கூப்பிட, எழும்பிப் போய்விட்டாள்.

6

நன்றாக விடிந்த பிறகு எழும்பினேன். அவர்கள் எழும்ப முன் தேத்தண்ணி வைத்துக் கொடுப்போம் என்று ஆசை. விழுந்த மரத்தடிக்குப் போனேன். பேணி இல்லை.

முதலில் இடம் மாறிவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை, அதே மரம்தான். பேணி இருந்த இடத்தில் சருகு அமர்ந்து வட்டமாகத் தெரிந்தது. சுற்றிவரத் தேடினேன். பற்றைக்குள் தடியால் விலக்கிப் பார்த்தேன். சரிவில் இறங்கித் தண்ணீர் ஓரம் வரை போனேன். எங்கேயும் இல்லை.

கரடிக்குப் பயமா என்றால், பெரிதாக இல்லை. அன்றைக்குச் சாப்பாடு இல்லாவிட்டால் செத்துவிடவும் மாட்டோம். கார் நிற்கும் இடத்துக்கு மத்தியானத்துக்குள் நடந்து போய்விடலாம், அங்கிருந்து கொஞ்சம் ஓடினால் கடை. ஆனால் நான் போய் யோகாவிடம், "சாப்பாடு இல்லை" என்று சொல்லவேண்டும். அந்த வசனத்தை அவள் முன்பு எந்த இடத்தில், யாருடைய வாயால், எத்தனை தரம் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அவளுடைய வாழ்க்கையில் அந்தப் பக்கங்கள் இல்லை. சொல்லாமல் நானே ஓடிப்போய் வாங்கி வந்துவிடலாமா என்றும் யோசித்தேன்.

பிறகு எனக்குப் பட்டது, இது யோகாவின் வேலையாக இருக்கும் என்று. நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன. நேரே பெரிய கூடாரத்துக்குப் போய் மெல்ல சிப்பை இழுத்தேன்.

யோகா விழித்திருந்தாள். ஒரு பக்கம் சரிந்து படுத்தபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் ஆரணிக்கும் நடுவில் பேணி இருந்தது. ஆரணி நல்ல நித்திரை. இரண்டு கையாலும் பேணியைக் கட்டிப்பிடித்து, மூடியில் கன்னத்தை வைத்திருந்தாள்.

"யோகா, உமக்கு எத்தினை தரம் சொன்னது..." என்று தொடங்கினேன்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"நான் இல்லையப்பா. அவள்."

"ஆரணியோ?"

"விடியப்புறம் எழும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்து படுத்திட்டாள். என்ன பிள்ளை எண்டு கேட்டன். அதுக்கிடையிலை நித்திரை."

நான் கூடாரத்து வாசலில் அப்படியே குந்திவிட்டேன். யோகா மகளின் தலையைப் பார்த்துக்கொண்டே, மெல்லிய குரலில், அவசரமில்லாமல் சொன்னாள்.

"அங்கை ஒரு பால்மாப் பேணிதான் எங்களிட்டை மிஞ்சினது. அதுக்கைதான் அரிசி. என்ரை கை காயப்பட்ட பிறகு பேணியையும் பிள்ளையையும் சேத்துத் தூக்க ஏலாது. பேணியை அவளிட்டைக் குடுத்தன். நீ இதைப் பிடி, நான் உன்னைப் பிடிக்கிறன் எண்டு சொன்னன். இடம் மாறி மாறி எத்தினை தரம் ஓடினம். ஒருக்காலும் அவள் விடேல்லை. படுக்கேக்கையும் உப்பிடித்தான்."

இத்தனை வருடத்தில் அவள் அந்த மாதங்களைப் பற்றி என்னிடம் சொன்னது இவ்வளவும்தான். நான் அழுதேன். சத்தம் வராமல் அழுவதற்கு அந்தப் பேஸ்மென்ற் அறையிலேயே பழகியவன்தான் நான், ஆனாலும் மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் ஆரணி கண் விழித்துவிட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், தன் கைக்குள் இருந்த பேணியைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. நேற்று எங்களுக்கு இரண்டு மொழியில் வகுப்பு எடுத்தவள் அல்லவா. எழும்பி இருந்து, மூடியை அமத்தித் திருகிப் பேணியைத் தாயிடம் நீட்டினாள்.

கூடாரத்துக்குள் சாப்பாட்டைத் திறப்பது மகா பிழை. அதை ஒருவரும் சொல்லவில்லை.

யோகா மேலே இருந்த பக்கற்றைப் பிரித்து ஒரு கிறாக்கரை எடுத்தாள். இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை ஆரணியிடம் கொடுத்தாள். மற்றப் பாதியை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் என்னைப் பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. பக்கற் நிறையக் கிறாக்கர் இருந்தது. இன்னொன்றை எடுத்து எனக்கு முழுதாகவே தந்திருக்கலாம். அந்த நேரம் அது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆரணி தன் கையில் இருந்த பாதியை மறுபடி உடைத்தாள்.

"இந்தாங்கோ அப்பா, உங்களுக்கு," என்றாள்.

கால் கிறாக்கர். வாங்கிச் சாப்பிட்டேன். குந்தியிருந்த இடம் பனியில் நனைந்து குளிர்ந்தது. உள்ளே எனக்கும் இடம் இருக்குமா என்று கேட்டேன். அது இரண்டு பேர் படுக்கும் கூடாரம். யோகா சுற்றிவரப் பார்த்துவிட்டு, பேணியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அது இருந்த இடத்தில் நான் போய் இருந்தேன்.